தையல் விட்ட வயிற்றுப் புண்: திறந்தே ஆற விடுவதா, பம்பு வைப்பதா, திரும்பத் தைப்பதா?

குடல் ஓட்டை, வெடித்த குடல்வால், குடல் அடைப்பு என்று அவசரமாக நடுவயிற்றைத் திறந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் தொல்லை தொடங்கும். தையல் போட்ட இடம் சிவக்கும், தொட்டால் சுடும், ஓரத்தில் சீழ் கசியும். நாலைந்து தையலை எடுத்துச் சீழை வெளியேற்றிய பிறகு வயிற்றில் ஒரு பள்ளம் மிஞ்சும். அந்தப் பள்ளத்தை மூட மூன்று வழிகள் இருக்கின்றன. காஸ் துணி வைத்துத் தினமும் கட்டுப் போட்டு அடியிலிருந்து தானாக ஆற விடலாம். நுரைப்பஞ்சு வைத்து உறிஞ்சும் பம்பு மாட்டலாம், அதாவது மருத்துவமனைகளில் வேக் ட்ரெஸ்ஸிங் என்று சொல்வது. புண் சுத்தமானதும் திரும்பத் தைத்துவிடலாம்.

நடைமுறையில் முதல் இரண்டைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. காசு இல்லாதவருக்குக் காஸ், இருப்பவருக்கு வேக் என்று பிரித்துவிடுகிறார்கள். மூன்றாவது வழி பல நேரம் யாருக்கும் நினைவுக்கே வருவதில்லை. தகுந்த புண்ணில் மூன்றில் சீக்கிரமாகவும் மலிவாகவும் முடிவது அதுதான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

ஷீத் பிடித்திருக்கிறதா?

வயிற்றுச் சுவரில் தோல், அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே தசையைப் போர்த்தியிருக்கும் வெள்ளை நார்ப்படலம். அறுவை மருத்துவர்கள் ஷீத் என்று சொல்வது இந்தப் படலத்தைத்தான். குடலை உள்ளே நிறுத்தி வைத்திருப்பது இதில் போட்ட தையல். தோலும் கொழுப்பும் மட்டும் பிரிந்திருந்தால் அது புண். ஷீத் பிரிந்திருந்தால் அது புண் அல்ல, வயிறு திறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு.

ஷீத் விடுவதற்கு முன்னால் பெரும்பாலும் ஓர் அறிகுறி வரும். 5ஆம் நாளிலிருந்து 8ஆம் நாளுக்குள், தண்ணீரில் ரத்தம் கலந்தாற்போல இளஞ்சிவப்பு நீர் திடீரென்று கட்டை நனைத்துக்கொண்டு வழியும். சீழ் நாற்றமோ வலியோ இல்லாமல் இருக்கலாம். தோல் தையல் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். 'ஏதோ நீர்க் கட்டு உடைந்திருக்கிறது, பேட் மாற்றினால் போதும்' என்று விட்டுவிடுவது வார்டில் நடக்கும் மோசமான தவறுகளில் ஒன்று. இந்த நீரைப் பார்த்தால் வேறுவிதமாக நிரூபணம் ஆகும் வரை ஷீத் விட்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மருத்துவர் இரண்டு தையலை எடுத்துவிட்டு, கையுறை போட்ட விரலால் அடியை நீளவாட்டில் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தேகம் மிஞ்சினால் ஸ்கேன்.

நீர்க் கட்டும் ரத்தக் கட்டும் உண்மையிலேயே உண்டு. கொழுப்பு அடுக்கில் மஞ்சள் நீர் தேங்கி மெத்தென்று உப்பும், காய்ச்சல் இருக்காது. சிறியது தானாக வற்றிவிடும். பெரியதை ஊசியால் எடுக்கலாம், ஆனால் திரும்பத் திரும்பக் குத்தினால் சுத்தமாக இருந்த நீரில் நாமே கிருமியைக் கொண்டுபோய் விட்டதாகும்.

இன்னொரு விதிவிலக்கு நாள் கணக்கில் இருக்கிறது. சாதாரணத் தொற்று தலைகாட்ட 4, 5 நாள் ஆகும். முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே கடும் காய்ச்சல், பார்ப்பதற்குப் பொருந்தாத அளவு வலி, தோல் ஊதா நிறமாவது, அழுத்தினால் நறநறவென்று காற்று தட்டுப்படுவது, பாத்திரம் கழுவிய தண்ணீர் போலச் சாம்பல் நீர் என்று வந்தால், அது சதையைத் தின்றுகொண்டு பரவும் தொற்று. அதற்குக் கட்டும் இல்லை பம்பும் இல்லை. அன்றே தியேட்டரில் செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும்.

மூன்று வழிக்கும் பொதுவான முதல் படி

சீழ் இருக்கும் இடத்தில் தையலை எடுத்து முழுதாகத் திறக்க வேண்டும். ஒரே ஒரு தையலை எடுத்து ஓட்டை வழியாகப் பிழிந்துவிட்டு ஆன்டிபயாட்டிக் எழுதினால் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் சேரும். பஞ்சுக் குச்சி எவ்வளவு தூரம் எதிர்ப்பில்லாமல் போகிறதோ அவ்வளவு தூரம் திறக்க வேண்டும். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குப் புண்ணின் மேற்பரப்பைத் துடைத்து அனுப்பினால் தோல் கிருமிதான் வளரும். சீழையோ அடியிலிருந்து ஒரு துண்டு சதையையோ அனுப்ப வேண்டும்.

நன்றாகத் திறந்துவிட்ட மேலோட்டமான தொற்றுக்குப் பல நேரம் ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை. காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது, நாடி 110க்கு மேல், சிவப்பு புண்ணின் ஓரத்திலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் பரவுவது, வெள்ளை அணுக்கள் 12,000க்கு மேல் ஆகிய இவற்றில் ஏதாவது இருந்தால் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி. புண் ஆறும் வரை வாரக்கணக்கில் மாத்திரை ஓட்டும் வழக்கம் புண்ணை ஆற்றாது, எதற்கும் அடங்காத கிருமியை வளர்த்துவிடும்.

சீழ் வடிந்த பிறகும் காய்ச்சல் இறங்காமல் வயிறு உப்பி வாந்தி நீடித்தால், மேலே தெரிவது நுனிதான். வயிற்றுக்குள் சீழ்க்கட்டியோ குடல் தையல் ஒழுக்கோ இருக்கக்கூடும். சிடி ஸ்கேன் எடுக்காமல் எந்த ட்ரெஸ்ஸிங் நல்லது என்று பேசுவது வீண்.

காஸ் கட்டு

இதற்கு வேண்டியவை நார்மல் சலைன் என்னும் உப்பு நீர், காஸ், பேட், பிளாஸ்திரி, இவற்றோடு பழகிய ஒரு கை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் முடியும், சொல்லிக் கொடுத்தால் வீட்டிலும் முடியும். குடல் தெரியாத, ஷீத் பிடித்திருக்கும் எந்தப் புண்ணுக்கும் பொருந்தும். ரத்தக் கசிவு இருந்தாலும், புற்றுநோய் படிந்த புண்ணாக இருந்தாலும் இதைச் செய்யலாம். வேறு எந்த வழிக்கும் இவ்வளவு பரந்த இடம் இல்லை.

தோற்பது போடும் விதத்தில். சாக்கு மூட்டையில் பஞ்சு திணிப்பது போல இறுக்கித் திணித்தால் அடிச்சதைக்கு ரத்தம் போகாது, நீரும் வடியாது. காஸைச் சலைனில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, உதறிப் பிரித்து, குழியின் ஒவ்வொரு மூலையையும் தொடும்படி தளர்வாக வைக்க வேண்டும். முடிந்தவரை ஒரே நீளத் துணி. துண்டு துண்டாக வைத்தால் எத்தனை வைத்தோம் என்று எழுதி வைக்க வேண்டும். உள்ளே மறந்துபோன ஒரு துண்டு, ஆறாத புண்ணுக்கு அடிக்கடி அகப்படும் காரணம். நனைத்த காஸ் ஓரத்துத் தோல் மேல் படக்கூடாது. பட்டால் தோல் ஊறி வெளுத்து உரியும். அதற்கு ஓரத்தில் ஜிங்க் ஆக்சைடு களிம்பு ஒரு கோடு போதும். மேலே காய்ந்த பேட்.

காஸைக் காயவிட்டு உரித்தெடுத்தால் அழுக்கு வரும் என்பது பழைய முறை. முதல் சில நாட்கள், மஞ்சளாகச் செத்த சதை ஒட்டியிருக்கும்போது அதற்கு ஒரு நியாயம் உண்டு. அடி சிவந்த பிறகும் அப்படியே உரித்தால், வளர்ந்த புதுச்சதை அத்தனையும் அந்தத் துணியோடு வரும், நோயாளி கத்துவார். ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றி 5 நிமிடம் விட்டு எடுக்க வேண்டும். சீழ் இருக்கும்போது ஒரு நாளைக்கு 2 முறை, சுத்தமானதும் ஒரு முறை.

எதை ஊற்றிக் கழுவுவது என்பதில் நம் ஊர் வார்டுகளில் கைப்பழக்கம்தான் சட்டம். ஹைட்ரஜன் பெராக்சைடு பொங்குவதைப் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரி இருக்கும். அது கிருமியோடு சேர்த்துப் புதுச்சதையின் உயிரணுவையும் கொல்லும், ஆழமான குழியில் ஊற்றினால் வாயு ரத்தத்தில் ஏறும் அபாயமும் உண்டு. அடர்த்தியான பொவிடோன் அயோடினைச் சிவந்த புண்ணில் நாள்தோறும் ஊற்றுவதும் ஆறுதலைத் தாமதப்படுத்தும். சலைன் போதும். 500 மில்லி பாட்டிலைத் திறந்தால் 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கட்டு பச்சை கலந்த நீலமாகி ஒருவித இனிப்பு நாற்றம் வந்தால் அது சூடோமோனாஸ் என்ற கிருமி. அதற்கு 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த காஸை சில நாள் வைப்பது மலிவான, பலன் தரும் வைத்தியம்.

இந்த வழியின் விலை காலம்தான். 15 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள புண் தானாக மூட இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். தினக்கூலிக்காரர் வேலைக்குப் போக முடியாது. கூட இருப்பவர் ஒருவரின் நாளும் போகும். ஒரு கட்டுக்கு ஆகும் சொற்பச் செலவை 60 நாளாலும் பேருந்துக் கட்டணத்தாலும் பெருக்கிப் பார்த்தால் 'மலிவு' என்ற சொல்லின் அர்த்தம் மாறும். கடைசியில் அகலமான, உள்வாங்கிய தழும்பு.

வேக் பம்பு

1997இல் அர்ஜென்டாவும் மோரிக்வாஸும் அமெரிக்காவில் விவரித்த முறை. துளைகள் நிறைந்த கறுப்பு நுரைப்பஞ்சைக் குழியில் வைத்து, ஒளி ஊடுருவும் ஒட்டுத்தாளால் காற்றுப் புகாமல் மூடி, குழாய் வழியாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சுவார்கள். நீர் தேங்காது, வீக்கம் வடியும், ஓரங்கள் உள்ளே இழுக்கப்படும், புதுச்சதை வேகமாக வளரும். 2, 3 நாளைக்கு ஒருமுறைதான் மாற்ற வேண்டும். நிறைய நீர் வடியும் புண்ணில், நாளுக்கு நாலு முறை பேட் மாற்றிக்கொண்டிருந்தவருக்கு இது பெரிய விடுதலை.

ஆனால் எவ்வளவு சீக்கிரம் ஆற்றுகிறது? வயிற்று அறுவைக்குப் பின் தோலடியில் பிரிந்த புண்ணில், ஷீத் பிடித்திருப்பவர்களிடம் மட்டும் இதைச் சோதித்த பெரிய ஆய்வின் பெயர் சாவி (SAWHI). ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மருத்துவமனைகளில் 507 நோயாளிகள், 2020இல் வெளியானது. 42 நாளுக்குள் புண் மூடியவர்கள் பம்பு வைத்த குழுவில் 35.9 சதவீதம், சாதாரணக் கட்டுக் குழுவில் 21.5 சதவீதம். மூட எடுத்த நாள் சராசரி 36.1, மற்றதில் 39.1. அதாவது வித்தியாசம் உண்மை, அதன் அளவு 3 நாள். புண் சார்ந்த பக்கவிளைவுகளோ பம்புக் குழுவில்தான் கூடுதல். 'வேக் வைத்தால் ஒரே வாரத்தில் மூடிவிடும்' என்று நம்பி நகையை அடகு வைப்பவர்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

வைக்கும்போது பிழை நேரும் இடங்கள் சில. பஞ்சைப் புண்ணுக்கு மேலே பிடித்துக்கொண்டு வெட்டினால் துகள் உள்ளே விழுந்து அந்நியப் பொருளாகத் தங்கும், தள்ளி நின்று வெட்ட வேண்டும். பஞ்சு குழிக்குள் மட்டும் இருக்க வேண்டும், நல்ல தோல் மேல் ஏறினால் அங்கே கொப்புளம். எத்தனை துண்டு வைத்தோம் என்று ஒட்டுத்தாளின் மேலேயே பேனாவால் எழுத வேண்டும். ஒட்டுத்தாள் நல்ல தோலில் 3 முதல் 5 சென்டிமீட்டர் படிய வேண்டும், ரோமத்தையும் எண்ணெய்ப் பசையையும் முதலில் நீக்கினால்தான் பிடிக்கும். பம்பைப் போட்டதும் பஞ்சு சுருங்கி இறுக வேண்டும். சுருங்கவில்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது. குடலை வயிற்றில் திறந்துவிட்டு ஒட்டிய மலப்பை பக்கத்திலேயே இருந்தால் அந்த மடிப்பில்தான் பெரும்பாலும் கசியும். மலப்பை ஒட்டப் பயன்படும் ஸ்டோமா பேஸ்டால் பள்ளத்தை நிரவிவிட்டு ஒட்ட வேண்டும்.

ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் பம்பு நின்றிருந்தால் பஞ்சை எடுத்துவிட்டு ஈரக் காஸ் வைத்துவிட வேண்டும். உறிஞ்சாத ஈரப்பஞ்சு, மூடிய ஒட்டுத்தாளுக்குள் கிருமிப் பண்ணை. மின்வெட்டு உள்ள ஊரில் வாடகை பம்பு எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை.

பம்பு வைக்கவே கூடாத இடங்கள்: குடலோ பெரிய ரத்தக் குழாயோ மறைப்பின்றித் தெரியும் புண், புற்றுநோய் உள்ள புண், எங்கே போகிறது என்று ஆராயாத குடல் ஒழுக்கு, கறுத்த செத்த சதையை வெட்டி நீக்காத புண். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரிடம் மிகுந்த கவனம் வேண்டும். குழாயில் திடீரென்று பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால் பம்பை உடனே நிறுத்தி, அழுத்திப் பிடித்து, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். ரத்தப்போக்கால் ஏற்பட்ட இறப்புகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இலும் 2011இலும் எச்சரிக்கை வெளியிட்டது.

கம்பெனி செட்டுக்குப் பதில், நீராவியில் கிருமி நீக்கிய நுரைப்பஞ்சு, மூக்கு வழியாக இரைப்பைக்குப் போடும் ரைல்ஸ் டியூப், அறுவையில் ஒட்டும் ஒளிபுகும் தாள், சுவரில் உள்ள சக்ஷன் என்னும் உறிஞ்சும் இணைப்பு ஆகியவற்றைக் கொண்டு நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் தாங்களே செய்துகொள்கிறார்கள். செலவு மிகவும் குறையும். அளவு காட்டும் ரெகுலேட்டர் இல்லாத சுவர் சக்ஷனில் நேரடியாக மாட்டுவது மட்டும் கூடாது. அது 125ஐத் தாண்டி எங்கேயோ போகும், ரத்தம் கசிந்தாலும் அலாரம் அடிக்க ஏதும் இல்லை.

இன்னொன்றோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொற்றே வராமலிருக்க, மூடிய தையல் மேலேயே சிறு பம்பு ஒட்டும் முறையும் விற்பனையில் இருக்கிறது. அவசர வயிற்று அறுவையில் அதைப் பெரிய அளவில் சோதித்தபோது தொற்று குறையவில்லை.

திரும்பத் தைப்பது

அழுக்கான வயிற்றில் முதல் அறுவையிலேயே ஷீத்தை மட்டும் மூடி, தோலைத் திறந்து விட்டு 3 முதல் 5ஆம் நாளில் தைக்கும் வழக்கம் நமக்குப் பழையது. சீழ் பிடித்துத் திறந்த புண்ணுக்கும் அதே தர்க்கம் செல்லும். சிசேரியன் புண் பிரிந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளில், திரும்பத் தைத்தவர்களுக்கு 2, 3 வாரத்திலும் திறந்து விட்டவர்களுக்கு சுமார் 2 மாதத்திலும் ஆறியிருக்கிறது.

எப்போது தைக்கலாம்? நாளைப் பார்த்து அல்ல, புண்ணைப் பார்த்து. சுற்றிலும் சிவப்பு இறங்கியிருக்க வேண்டும். அடி முழுக்கச் சிவந்த, மணல்மணலான புதுச்சதையாக இருக்க வேண்டும், மஞ்சள் திட்டு கூடாது. 24 மணி நேரத்தில் ஒரு பேட் கூட முழுதாக நனையக் கூடாது. காய்ச்சல் நின்றிருக்க வேண்டும். பொதுவாக இந்த நிலை, திறந்து 4 முதல் 10 நாளில் வரும். மூன்று வாரம் தள்ளிப்போனால் ஓரங்கள் விறைத்து உருண்டுவிடும், இழுத்துச் சேர்ப்பது கடினம்.

மரத்துப்போகும் ஊசியிலேயே செய்யலாம். அட்ரினலின் கலக்காத லிக்னோகெயின் ஒரு கிலோ எடைக்கு 4.5 மில்லிகிராம் வரைதான். 60 கிலோ ஆளுக்கு 270 மில்லிகிராம், 2 சதவீத மருந்தில் 13 மில்லி. நீண்ட புண்ணுக்கு அது பற்றாது. 1 சதவீதமாகக் கரைத்துக்கொள்ளலாம், அல்லது முதுகில் போடும் மயக்க ஊசி. பிறகு சலைனால் நன்றாகக் கழுவி, அடியை லேசாகச் சுரண்டி, 2-0 நைலானில் தனித்தனித் தையலாக, ஓரத்திலிருந்து 1.5, 2 சென்டிமீட்டர் தள்ளிக் குத்தி, குழியின் அடியையும் கவ்விக்கொண்டு எதிர்ப்பக்கம் எடுக்க வேண்டும். தையலுக்குத் தையல் 2, 3 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளி சோம்பல் அல்ல, மிச்ச நீர் வடிவதற்கான வழி. ஓரங்கள் தொட்டுக்கொள்ளும் அளவுக்கே முடிச்சு. இறுக்கினால் அறுவைக்குப் பின் வரும் வீக்கத்தில் தோல் கறுக்கும். தையல் எடுப்பது 12, 14 நாள் கழித்து.

தோற்கும் காரணம் அநேகமாக ஒன்றுதான். மேலே தோலைச் சேர்த்துவிட்டு அடியில் வெற்றிடம் விடுவது. அங்கே நீர் தேங்கும், மறுபடி சீழ். கொழுப்பு 5, 6 சென்டிமீட்டர் தடிமன் உள்ளவருக்கு அடியில் நீரை உறிஞ்சும் டிரெய்ன் குழாய் ஒன்று வைக்காமல் தைப்பதைவிடத் தைக்காமல் இருப்பதே நல்லது. தோற்றாலும் இழப்பு பெரிதல்ல. இரண்டு தையலை எடுத்து அந்த இடத்தை மட்டும் திறந்தால் போதும்.

யாருக்கு எது

3, 4 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள புண்ணுக்குக் காஸே சரி. அதற்குள் மற்ற இரண்டையும் யோசிப்பது ஊசி எடுக்க உலக்கை தேடுவது. நீளமான புண், மிதமான உடல்வாகு, ஒரு வாரத்தில் சிவந்துவிட்ட அடி என்றால் திரும்பத் தைத்துவிட வேண்டும். குடல் புற்றுநோய்க்கு அறுவை நடந்து கீமோ காத்திருக்கிறது என்றால் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம். அந்தக் கீமோவை 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது, திறந்த புண்ணோடு தொடங்கத் தயங்குவார்கள். அங்கே 2 மாதக் காஸ் கட்டு என்பது புண் விஷயம் மட்டும் அல்ல.

பருமனான உடல், சர்க்கரை நோய், ஆழமான குழி, கட்டுப் போட்டு மாளாத அளவுக்கு நீர் என்றால் பம்பு. அதிலும் முடிவு வரை பம்பு வேண்டாம். இரண்டு அல்லது மூன்று மாற்றம், அதாவது ஒரு வாரம், அடி சிவந்து குழி சிறுத்ததும் தைத்து மூடிவிட்டால் பம்பின் செலவும் அடங்கும். அரசு மருத்துவமனையிலோ காப்பீட்டுத் திட்டத்திலோ இருப்பவர், வேக் தொடங்குவதற்கு முன்பே எத்தனை மாற்றத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு மாற்றத்தோடு நின்றுபோகும் வேக்குக்குப் பலன் கிடையாது.

ஷீத்தே விட்டிருந்தால்

இங்கே நூல் அறுவது அபூர்வம். முடிச்சு அவிழ்வதும் குறைவு. அவித்த முட்டையை நூலால் அறுப்பது போல, இறுக்கிய நூல் மெலிந்த ஷீத்தை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. இருமல், வயிறு உப்பல், மலச்சிக்கலில் முக்குவது, உள்ளே சீழ், சத்துக்குறைவு எல்லாம் அந்த நூலை இழுக்கும் கைகள்.

வீட்டில் நடந்தால்: படுக்க வைத்து முழங்காலை மடக்கச் சொல்ல வேண்டும். வெளியே வந்த குடலை உள்ளே தள்ளக் கூடாது. சலைனில், இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பருத்தித் துணியால் மூடி, காயாமல் மேலே ஒரு பிளாஸ்டிக் தாள். வாய் வழியாக ஒரு மிடறு காபி கூடக் கூடாது, மயக்க மருந்து தாமதமாகும். 108ஐக் கூப்பிட வேண்டும்.

தியேட்டரில் மருத்துவர் முன்னாலும் மூன்று வழிகள். ஓரம் நன்றாக இருந்து, உள்ளே தொற்று இல்லாமல், இழுத்தால் சுலபமாகச் சேர்ந்தால் திரும்பத் தைக்கலாம். மெதுவாகக் கரையும் நூலில், புண்ணின் நீளத்தைப் போல் குறைந்தது 4 மடங்கு நூல் செலவாக வேண்டும் என்பது 1976இலிருந்து ஜென்கின்ஸ் விதி. 20 சென்டிமீட்டர் புண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குக் குறைவாக நூல் போயிருந்தால் தையல் போதாது. முதல் அறுவையில் 5 மில்லிமீட்டர் தள்ளி 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கித் தைப்பது நல்லது என்று நெதர்லாந்தின் ஸ்டிச் ஆய்வு 2015இல் காட்டியது. ஒரு வருடத்தில் குடலிறக்கம் 13 சதவீதம், 1 சென்டிமீட்டர் தையலில் 21. ஆனால் ஒருமுறை கிழிந்த ஓரத்தில் அந்தச் சிறு தையல் பிடிக்காது. அகலமாகக் கவ்வ வேண்டும். ஷீத்தைத் தைக்கும் முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றுவது இன்னொரு மலிவான காரியம். இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,301 பேரிடம் நடந்த சீட்டா ஆய்வில் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16.0ஆக இறங்கியது.

தோலிலிருந்து எல்லா அடுக்கையும் சேர்த்துக் கவ்வும் டென்ஷன் தையலை, ரப்பர் குழாய்த் துண்டுகள் கோத்துப் போடுவது நம் ஊரில் இன்னும் வழக்கம். குடல் வெளியே வராமல் தடுக்கும். ஆனால் வலிக்கும், தோலை அறுக்கும், குடல் மேல் அழுந்தினால் ஓட்டையும் போடும். 2, 3 வாரம் இருக்க வேண்டும். வேறு வழி இல்லாதபோது மட்டும் என்றே சொல்லலாம்.

வீங்கிய குடலை உள்ளே அமுக்கி இழுத்துக் கட்டினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறிச் சிறுநீர் நின்று மூச்சு முட்டும். அந்த நிலையில் வயிற்றை மூடாமல் விடுவதே துணிச்சலான, சரியான முடிவு. 1984இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் போர்ராயெஸ் என்ற மருத்துவர், சலைன் பையை வெட்டி விரித்து ஓரத்தில் தைத்து மூடினார். கிருமி நீக்கிய யூரின் பையைக் கொண்டு அதையே இங்கும் செய்கிறார்கள். மலிவு, குடல் தெரியும், ஆனால் நீரை உறிஞ்சாது, ஓரங்கள் நாளுக்கு நாள் விலகும். வயிற்றுக்கான தனி வேக்கில் குடல் மேல் துளையிட்ட பிளாஸ்டிக் தாள் விரித்த பிறகே பஞ்சு. அதோடு ஷீத் ஓரங்களில் வலை தைத்து ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் இறுக்கும் முறை ஸ்வீடனின் மால்மோவிலிருந்து 2007இல் வந்தது. ஷீத்தையே மூடிவிடும் வாய்ப்பு இதில்தான் அதிகம். திறந்த வயிற்றை 7, 8 நாளுக்குள் மூட முடியாவிட்டால் குடல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், குடலில் ஓட்டை விழும் ஆபத்து ஏறும். கட்டுத் துணியில் பச்சை நீரோ மலமோ கண்டால் அதுதான் நடந்திருக்கிறது.

ஆறாத புண்ணுக்குப் பின்னால்

மூன்று வழியில் எதைத் தேர்ந்தாலும் சதையை வளர்ப்பது சாப்பாடு. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ ஆளுக்கு 75 முதல் 90 கிராம். 3 முட்டையில் 18, அரை லிட்டர் பாலும் தயிருமாக 16, 100 கிராம் மீனில் 20, ஒன்றரைக் கப் பருப்பில் 12, சோறும் இட்லியுமாக 15 என்று கணக்குப் போட்டால்தான் அந்த எண் எட்டும். நம் வீடுகளில் நடப்பதோ தலைகீழ். முட்டை சீழ் வைக்கும், மீன் கரப்பான், கத்தரிக்காய் ஊறல் என்று பத்தியம் வைத்து ரசம் சோற்றில் ஒரு மாதம் ஓட்டுகிறார்கள். வேக்கின் பலன் அத்தனையும் அந்த ரசத்தில் கரைந்துவிடும். சர்க்கரை 180ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். பீடி, சிகரெட் நிற்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் லாப்ராஸ்கோப்பித் துளை மட்டும் 3, 4 வாரம் கழித்துக் கட்டி கட்டியாக வீங்கி, உடைந்து, ஆறி, மறுபடி உடைந்தால் அது சாதாரணத் தொற்று அல்ல. காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள், கருவிகளை ரசாயனத்தில் ஊற வைத்துக் குழாய்த் தண்ணீரில் அலசும் இடங்களிலிருந்து வருபவை. வழக்கமான கல்ச்சரில் வளராது, சதைத் துண்டைத் தனியாகக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில். பழைய நடுவயிற்றுத் தழும்பில் ஒரே புள்ளியில் மாதங்களாகச் சீழ் கசிந்தால் அடியில் கரையாத நூல் முடிச்சு ஒன்று உட்கார்ந்திருக்கும். எந்தக் களிம்பும் வேண்டாம், முடிச்சை எடுத்தால் மூடிவிடும்.

ஷீத் 6 வாரத்தில் பாதி வலிமைதான் பெற்றிருக்கும். தண்ணீர்க் குடம், சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் 3 மாதம் தள்ளி. வயிற்று பெல்ட் எழும்போதும் இருமும்போதும் ஆறுதல் தரும், குடலிறக்கத்தைத் தடுக்கும் என்று நம்பிக் கட்ட வேண்டாம். தழும்பின் பக்கத்தில் இருமினால் புடைப்பு தெரிந்தால் அவசரப்பட்டு வலை வைக்க ஓடத் தேவையில்லை. புண் முழுதாக ஆறி, தோல் இலகுவாகி, சர்க்கரையும் எடையும் சீரான பிறகு, 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் திட்டமிட்டுச் செய்யலாம். புடைப்பு திடீரென்று கல்லாகி, வலித்து, வாந்தி வந்தால் மட்டும் அன்றைக்கே போக வேண்டும்.